கடற்கொள்ளையன் என்றது கும்பினி!

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகும் பஸ்ஸில் ஏறியவர் எவரும் செஞ்சியைக் காணாமல் போயிருக்க முடியாது. பாறைமேல் பாறையைத் தூக்கி வைத்தாற்போல மூன்று மலைகள். அம்மூன்றையும் ஒன்றாய் வளைத்துப் பிடித்த மதில். உள்ளே கல்யாண மகால், நெற்களஞ்சியம், ஆனைக்குளம், இடிந்த கொத்தளங்கள். ராஜகிரியின் உச்சிக்கு ஏறி மூச்சு வாங்கும்போது, கூட வந்தவர் யாராயிருந்தாலும் தேசிங்குராஜன் கதையைத்தான் எடுப்பார். ஆர்க்காட்டு நவாபின் பெரும்படையை எதிர்த்து 1714 இல் களத்திலே மாண்ட இளைஞன் அவன். கூத்திலும் பாட்டிலும் சினிமாவிலும் அவனைப் பார்த்துவிட்டோம். அதிலே நமக்குக் குறையில்லை, பாடத்தக்க வீரன்தான்.

ஆனால் அதே மலையிலிருந்து கிளம்பும் இன்னொரு கதை இருக்கிறது. அதை நம் மேடைகளில் அதிகமாகக் கேட்டதில்லை. கடலே தெரியாத செஞ்சி மலைக்கும் ஒரு கடற்படைத் தளபதிக்கும் உள்ள தொடர்பு அது.

2025 ஜூலை 11 ஆம் நாள், யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் மராத்தியர் ஆண்ட காலத்துக் கோட்டைகள் 12 சேர்க்கப்பட்டன. 11 கோட்டைகள் மகாராஷ்டிரத்தில். ஒன்றே ஒன்று தமிழ்நாட்டில். அந்த ஒன்று நம் செஞ்சி. செய்தி வந்த அன்று செஞ்சிப் பெயர் உலக ஏட்டில் ஏறியதே என்று மகிழ்ந்தோம். மகிழ்ந்ததோடு நின்றுவிட்டோம். அதே பட்டியலில் செஞ்சியோடு நிற்கும் மற்றப் பெயர்களை எத்தனை பேர் படித்தோம்? கந்தேரி, சுவர்ணதுர்க், விஜயதுர்க், சிந்துதுர்க் — இந்த நான்கும் கடலிலும் கடலோரத்திலும் நிற்கும் கோட்டைகள். இவற்றில் முதல் மூன்றின் மதில்மேல் நின்று, இங்கிலீஷ்காரன் கப்பலையும் போர்ச்சுக்கீசியன் கப்பலையும் எதிர்த்தவர் ஒருவர் உண்டு. கானோஜி ஆங்கரே என்று பெயர். கும்பினியார் எழுதி வைத்த ஏடுகளில் அவர் கடற்கொள்ளையன். அவரை வெல்ல அவர்கள் நான்கு முறை பெரும்படை கட்டி வந்தார்கள். நான்கு முறையும் தோற்றுத் திரும்பினார்கள். தோற்றவன் எழுதிய ஏட்டைத்தானே நாம் நெடுங்காலம் பள்ளியில் படித்தோம்!

செஞ்சியிலிருந்தே தொடங்குவோம்.

1677 இல் சிவாஜி தெற்கே படையெடுத்து வந்தபோது செஞ்சியைப் பிடித்தார். எப்போதாவது ஆபத்து வந்தால் ஒதுங்குவதற்கு ஓரிடம் வேண்டும் என்று கணக்குப் போட்டவர்போலக் கோட்டையைப் பலப்படுத்தினார். அந்தக் கணக்கு வீண்போகவில்லை. 1689 இல் அவருடைய மூத்த மகன் சம்பாஜியை ஔரங்கசீப் பிடித்துக் கொன்றான். தலைநகரான ராய்கட் முற்றுகையில் சிக்கியது. இளைய மகன் ராஜாராம் மாறுவேடம் பூண்டு, காடும் ஆறும் கடந்து, அந்த ஆண்டின் இறுதியில் செஞ்சி வந்து சேர்ந்தார். அதுமுதல் செஞ்சிதான் மராத்திய அரசின் தலைநகர். ஜுல்பிகர்கான் என்னும் மொகலாயத் தளபதி 1690 இல் வந்து வளைத்தான். கோட்டை விழுந்தது 1698 இல். எட்டாண்டுக் காலம் ஒரு பேரரசின் முழு பலத்தையும் இந்த மூன்று மலைகள் தாங்கி நின்றன என்றால், இங்கே கல் உடைத்தவனையும் மதில் கட்டியவனையும் கையெடுத்துக் கும்பிட வேண்டாமா?

அரசர் செஞ்சியில், நாடோ பல நூறு கல்லுக்கு அப்பால். மேற்குக் கடற்கரையைக் காப்பது யார்? அங்கே எதிரிகள் ஒருவரல்லர். ஜஞ்சீராத் தீவில் மொகலாயனுக்குக் கடற்படை நடத்திய சித்திகள். கோவாவிலும் சௌலிலும் போர்ச்சுக்கீசியர். பம்பாயில் இங்கிலீஷ் கும்பினி. அரசனும் அருகில் இல்லை, பணமும் வருவதில்லை, உத்தரவு கேட்டு ஆளனுப்பினால் பதில் வர மாதக்கணக்கு ஆகும். அப்படிப்பட்ட காலத்தில் கரையைக் கைவிடாமல் காத்து நின்றவர்களிலே ஒருவர்தான் கானோஜி.

அவர் 1669 ஆம் ஆண்டு வாக்கில் பிறந்தவர். பெரிய குடும்பமல்ல. பூனாவுக்கு அருகில் அங்கர்வாடி என்னும் சிற்றூர். ஊர்ப் பெயரே ஆங்கரே என்று குடும்பப் பெயராயிற்று. தந்தை துக்கோஜி சிவாஜியின் கடற்படையில் சிறு பொறுப்பில் இருந்தவர். சுவர்ணதுர்க் என்னும் தீவுக் கோட்டையில் மகன் வளர்ந்தான். தாலாட்டுக்குப் பதில் அலையோசை. விளையாட்டுத் தோழர்களோ கோலி மீனவர் வீட்டுப் பிள்ளைகள். நம் கரையில் பரதவரும் பட்டினவரும் எப்படியோ அப்படிக் கொங்கணக் கரையில் கோலிகளும் பண்டாரிகளும். நீரோட்டம் எங்கே திரும்பும், பாறை எங்கே ஒளிந்திருக்கும், காற்று எப்போது மாறும் என்பதை அவர்களிடந்தான் கானோஜி கற்றார். படித்துப் பட்டம் வாங்கி வந்த தளபதியல்லர் அவர்.

அவர் முதலில் பெயர் பெற்றதும் அந்தச் சுவர்ணதுர்க்கிலேதான். சித்தியின் படை கோட்டையை வளைத்துக்கொண்டது. கோட்டைத் தலைவன் மனம் தளர்ந்து, பணத்தை வாங்கிக்கொண்டு கதவைத் திறந்துவிட உடன்பட்டான். இளைஞரான கானோஜி மற்ற வீரர்களைச் சேர்த்துக்கொண்டு, அந்தத் தலைவனையே சிறைப்படுத்திக் கோட்டையைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். வெளியே பாய்ந்து போரிட்டபோது எதிரியிடம் பிடிபட்டார். காவலை ஏமாற்றித் தப்பினார். கடலில் நீந்திக் கோட்டைக்குத் திரும்பினார். மழைக்காலம் வந்து எதிரி முற்றுகையை விட்டுப் போகும்வரை தாங்கினார். மராத்திய மரபில் வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு இது. அதற்குப் பரிசாக அந்தக் கோட்டையின் தலைமையே அவருக்குக் கிடைத்தது.

செஞ்சியில் எட்டாண்டு முற்றுகை நடந்த காலத்தில், மேற்குக் கரையில் அவர் இழந்த கோட்டைகளை மீட்டார், கப்பல் கட்டினார். சித்தோஜி குஜர் என்பவருக்குப் பின், 1698 ஆம் ஆண்டு வாக்கில், சர்க்கேல் என்னும் பட்டம் அவரைத் தேடி வந்தது. கடற்படைக்கெல்லாம் தலைவர் என்பது பொருள். போர்க்களத்தில் காட்டிய துணிவுக்காகக் கொடுக்கப்பட்ட பதவி. அப்போது அவருக்கு வயது முப்பதை எட்டவில்லை.

அதே செஞ்சி அரசு கிழக்குக் கரையில் என்ன செய்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1690 இல், பணமுடையில் இருந்த ராஜாராமின் ஆட்சி, கடலூர்த் தேவனாம்பட்டினத்தில் இருந்த சிறு கோட்டையை இங்கிலீஷ் கும்பினிக்கு விற்றது. வாங்கியவர் சென்னைக் கவர்னர் எலிஹு யேல். கோட்டையோடு சுற்றியுள்ள நிலமும் சேர்த்தி. எல்லையை எப்படி அளந்தார்கள் தெரியுமா? கோட்டையிலிருந்து பீரங்கியைச் சுட்டார்கள். குண்டு போய் விழுந்த இடம் வரைக்கும் கும்பினிக்குச் சொந்தம்! உள்ளே அகப்பட்ட ஊர்களுக்கெல்லாம் குண்டுக் கிராமங்கள் என்று பெயர் வந்தது. கடலூர்ப் பக்கத்தில் குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப்பெயர் இன்றும் வழங்குகிறது. அந்த ஊர்களில் உழுதுகொண்டிருந்தவனையும் வலை வீசியவனையும் யார் கேட்டார்கள்? குண்டு விழுந்தது, எஜமான் மாறினான். இந்தத் தேவனாம்பட்டினத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் மீண்டும் அங்கே வரவேண்டியிருக்கும்.

மேற்கே கானோஜி செய்தது நேர் எதிரானது. கடல் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியை அவர் எழுப்பினார்.

வாஸ்கோடகாமா வந்த நாளிலிருந்து போர்ச்சுக்கீசியர் ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். நம் நாட்டுக் கப்பல் நம் கடலில் போகவேண்டுமானாலும் அவர்களிடம் காசு கொடுத்து அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். சீட்டு இல்லையேல் சரக்கு பறிமுதல், ஆட்கள் அடிமை. பின்னால் வந்த இங்கிலீஷ்காரனும் தன் பங்குக்குச் சீட்டுக் கொடுக்கத் தொடங்கினான். எங்கிருந்தோ வந்தவன் நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, உள்ளே போக நமக்கே டிக்கெட் கிழித்தால் எப்படி இருக்கும்! இருநூறு ஆண்டு இப்படித்தான் நடந்தது. நாகரிகம், வாணிபம், சட்டம் என்றெல்லாம் அதற்குப் பெயர்.

கானோஜி அதே சீட்டைத் தாம் கொடுக்கலானார். இது மராத்திய அரசின் கடல். இதன் வழியே போகிற கப்பல் எங்கள் தஸ்தக்கை வாங்கிச் செல்ல வேண்டும். வாங்காத கப்பலைப் பிடிப்போம் என்றார். அவ்வளவுதான், கொள்ளையன் என்ற கூக்குரல் பம்பாயிலிருந்து லண்டன் வரை கேட்டது. சீட்டு ஒன்றே; கேட்ட கைதான் வேறு. வெள்ளைக் கை கேட்டால் வரி, கறுப்புக் கை கேட்டால் கொள்ளை!

கானோஜியை நாம் மகானாக்க வரவில்லை. அவர் நிலக்கிழார்க் காலத்து மனிதர். கோட்டைக்கும் குடிக்கும் எஜமானர். சீட்டு வாங்காத நம் நாட்டு வணிகனும் அவரிடம் சரக்கை இழந்திருக்கிறான். பிடிபட்டவர்கள் அவர் சிறையில் துன்பப்பட்டிருக்கிறார்கள். ஆனால் அரசன் கொடுத்த பதவியோடு, அரசின் எல்லைக்குள், வரி கேட்டவரைக் கொள்ளையன் என்பதும், பல்லாயிரம் கல் தாண்டி வந்து பீரங்கி முனையில் வாணிபம் செய்தவனை வணிகன் என்பதும் எந்த ஊர் நியாயம்?

அவருடைய கப்பல்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லத் தோன்றுகிறது. ஏனென்றால் அவர் வெற்றியின் இரகசியம் அங்கேதான் இருக்கிறது. இங்கிலீஷ்காரனின் கப்பல் உயரமானது, ஆழமானது, பக்கவாட்டில் வரிசை வரிசையாகப் பீரங்கி. நேருக்கு நேர் நின்றால் நம் கப்பல் தூளாகிவிடும். கானோஜியிடம் இருந்தவை இரண்டு வகை. ஒன்று குராப். இரண்டு அல்லது மூன்று பாய்மரம், அகன்ற உடல், அடி ஆழம் குறைவு, அணியம் நீண்டு தாழ்ந்திருக்கும். அந்த அணியத்திலே முன்னோக்கிச் சுடும் இரண்டு பெரிய பீரங்கிகள். மற்றது கல்பத்து. சிறியது, நாற்பது ஐம்பது துடுப்புகள் போட்டு வலிப்பது, அம்புபோல் பறப்பது.

காற்று வீசினால் குராப் விரட்டும். காற்று ஓய்ந்தால்தான் வேடிக்கை. வெள்ளையன் கப்பல் பாய் தொங்கிப்போய் நடுக்கடலில் மரம்போல் நிற்கும். அப்போது கல்பத்துகள் கயிறு கட்டிக் குராப்பை இழுத்துக்கொண்டு வரும். எங்கே வரும்? பக்கவாட்டில் வராது; அங்கே பீரங்கி இருக்கிறது. பின்புறமாக வரும். பின்னாலிருந்து பாய்மரத்தையும் கயிறுகளையும் குறிவைத்துச் சுடும். கப்பல் முடமானதும், கல்பத்துக்கு நூறு பேர் இருநூறு பேராக வாளேந்திப் பாய்ந்து ஏறுவார்கள். ஆழமில்லாத ஓடைக்குள்ளே இவர்கள் நுழைந்துகொண்டால் பெரிய கப்பல் தொடரவும் முடியாது, தொடர்ந்தால் தரைதட்டும்.

இதைத் தளபதியின் மூளை என்று மட்டும் எழுதிவிட்டுப் போவது நம் எழுத்தாளர்களின் வழக்கம். வெயிலில் முதுகு வெடிக்க, உள்ளங்கை கிழியத் துடுப்பு வலித்தவன் யார்? அந்தக் கோலியின் கை ஓய்ந்திருந்தால் ஆங்கரேயின் தந்திரம் கரையிலேயே கிடந்திருக்கும். அவர்கள் பெயர் ஒன்றுகூட வரலாற்று ஏட்டில் இல்லை. சம்பளமில்லாமல் அவர்கள் உழைக்கவில்லை என்பதும், பிடித்த சரக்கில் பங்கு கிடைத்தது என்பதும் உண்மை. கூலிக்கு மட்டும் ஒருவன் அப்படிக் கப்பல்மேல் பாயமாட்டான் என்பதும் உண்மை.

1712 இல் ஒரு நிகழ்ச்சி பம்பாயையே உலுக்கியது. கார்வாரிலிருந்து மிளகு ஏற்றிக்கொண்டு வந்த கப்பலையும், அதற்குத் துணையாக வந்த கவர்னர் எய்ஸ்லபியின் சொந்த ஆயுதப் படகையும் ஆங்கரேயின் கப்பல்கள் வளைத்தன. கார்வார்க் கிடங்கின் தலைவன் குண்டடிபட்டு இறந்தான். அவன் இளம் மனைவி உள்ளிட்ட மற்றவர்கள் சிறைப்பட்டார்கள். கவர்னரின் படகையே பிடித்துவிட்டார்களே என்று கோட்டைக்குள் கும்பினியார் நடுங்கினார்கள். முடிவில் 30,000 ரூபாய் மீட்புப்பணம் கொடுத்துத்தான் அவர்களை அழைத்துப்போக முடிந்தது. வணிகனும் போர் செய்தான். வணிகன் மனைவி போரின் துன்பத்தை அனுபவித்தாள். அந்தப் பெண்ணுக்காக இரங்குவோம். அவளை அந்தக் கடலுக்குக் கொண்டுவந்தது எது என்பதையும் சேர்த்தே நினைப்போம்.

அடுத்த ஆண்டு கும்பினிக்கும் கானோஜிக்கும் சமாதானம் ஏற்பட்டது. அதே சமயத்தில் மராத்திய அரசுக்குள்ளேயே பிளவு. ராஜாராமின் மனைவி தாராபாய் ஒரு பக்கம்; சம்பாஜியின் மகன் சாகு மறுபக்கம். கானோஜி தாராபாய் பக்கம் நின்று, தம்மை அடக்க வந்த சாகுவின் பேஷ்வாவையே சிறைபிடித்தார். பாலாஜி விசுவநாத் தூது வந்து பேசி அவரைச் சாகுவின் பக்கம் திருப்பினார். சர்க்கேல் பட்டம் உறுதியாயிற்று; பத்துக் கோட்டைகளும் பதினாறு சிறு அரண்களும் அவரிடமே இருந்தன. அரண்மனைச் சண்டைகளை இதற்குமேல் விவரிக்க நமக்கு விருப்பமில்லை.

கும்பினியோடு செய்த சமாதானம் நீடிக்கவில்லை. ஏன்? கும்பினியின் கொடியைக் கும்பினிக் கப்பல்மேல் மட்டும் பறக்கவிடுவதாக ஒப்புக்கொண்டவர்கள், மற்ற வணிகர்களின் கப்பல்களுக்கும் அதே பாதுகாப்பைக் கேட்டார்கள். கொடியைக் கட்டிக்கொண்டால் ஆங்கரேக்குச் சீட்டுக்காசு கொடுக்க வேண்டாமல்லவா! கும்பினியின் தரகராயிருந்த ஒருவரின் சக்சஸ் என்ற கப்பலை ஆங்கரேயின் ஆட்கள் பிடித்தார்கள். மீண்டும் போர் மூண்டது.

இதற்குள் பம்பாய்க்குப் புதுக் கவர்னர் வந்திருந்தார். சார்லஸ் பூன் என்பவர். ஆங்கரேயை ஒழிப்பதையே விரதமாகக் கொண்டவர். ஊரைச் சுற்றி மதில் எழுப்பினார். கப்பல் கப்பலாகக் கட்டினார். 1717 இல் விஜயதுர்க்கைத் தாக்கினார்கள். குண்டுகள் பாறையில் பட்டுத் தெறித்தன. கரையிறங்கியவர்கள் வழுக்குப் பாறையில் காலூன்றி நிற்கவே முடியாமல் திரும்பினார்கள். 1718 இல் பூன் துரை நேரிலேயே கந்தேரித் தீவுக்குப் படை நடத்தினார், அதுவும் முடியவில்லை. 1720 இல் மறுபடியும் விஜயதுர்க். இம்முறை குண்டு துளைக்காத தடித்த மரச்சுவரோடு ஒரு மிதக்கும் பீரங்கி மேடையை வெகு செலவில் செய்து கொண்டுபோனார்கள். அந்த மேடையும் எதிர்பார்த்த வேலை எதையும் செய்யவில்லை. துறைமுகத்துக்குள் கிடந்த சில படகுகளை எரித்ததோடு திரும்பினார்கள்.

நான்காம் முறைதான் பெரியது. லண்டனிலிருந்து அரசாங்கக் கடற்படையே வந்தது. கொமடோர் தாமஸ் மாத்யூஸ் தலைமையில் நான்கு போர்க்கப்பல்கள். அதற்கு முன்பு ஒருவரையொருவர் கடித்துக்கொண்டிருந்த இங்கிலீஷ்காரரும் போர்ச்சுக்கீசியரும் கூட்டு ஒப்பந்தம் எழுதினார்கள். கோவாவின் வைசிராயே நேரில் வந்தார். 1721 டிசம்பரில், இரு படையுமாக ஏறத்தாழ ஆறாயிரம் பேர் அலிபாக்கில் கூடினார்கள். குறி, கானோஜியின் தலைமையிடமான குலாபாக் கோட்டை. கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் கடலுக்குள் நிற்பது அது. கடல் வற்றும் நேரத்தில் நடந்தே போகலாம்.

கானோஜி தனியாக நிற்கவில்லை. சாகு அரசர் படையனுப்பினார். இளம் பேஷ்வா பாஜிராவ் குதிரைப்படையோடு பாய்ந்து வந்தார். போர்ச்சுக்கீசியர் நின்ற பக்கத்தில் மராத்தியக் குதிரைகள் புகுந்ததும் அவர்கள் சிதறி ஓடினார்கள். அதைப் பார்த்து இங்கிலீஷ்காரரும் பீரங்கிகளையும் மருந்தையும் போட்டுவிட்டுக் கப்பலுக்கு ஓடினார்கள். மாத்யூஸ் துரைக்கே தொடையில் ஒரு மராத்தியக் குதிரைவீரனின் ஈட்டி பாய்ந்தது. கோபம் தலைக்கேறிய துரை, போர்ச்சுக்கீசியத் தளபதியைத் தேடிப்போய்த் தன் கைத்தடியை அவர் வாய்க்குள் திணித்தார் என்று இங்கிலீஷ்காரரே எழுதி வைத்திருக்கிறார்கள். கூட்டணியின் கதி இவ்வாறு முடிந்தது! சில நாட்களில், 1722 ஜனவரியில், போர்ச்சுக்கீசியர் மராத்தியரோடு தனியாகச் சமாதானம் செய்துகொண்டார்கள். இந்த மாத்யூஸ் பிற்காலத்தில் அட்மிரலாகி, ஐரோப்பாவில் ஒரு கடற்போரில் சொதப்பி, இராணுவ நீதிமன்றத்தால் பதவியிழந்தார் என்பதையும் சொல்லிவைக்கிறோம்.

அதற்குப்பின் கானோஜி வாழ்ந்தவரை அவர் கோட்டை ஒன்றும் விழவில்லை. 1729 ஜூலை 4 ஆம் நாள் அவர் இறந்தார். கடலிலே சாகவில்லை; எதிரி கையிலும் சாகவில்லை. அலிபாக்கில் அவருடைய சமாதி இருக்கிறது. அவர் வளர்த்த ஊர் அது.

கோட்டை பிறகு எப்படி விழுந்தது என்பதைச் சொல்லாவிட்டால் கதை பாதியாகிவிடும்.

மக்கள் சண்டையிட்டார்கள். மூத்தவர் சேகோஜி 1733 இல் இறந்தார். சம்பாஜிக்கும் மானாஜிக்கும் பகை மூண்டது. குலாபா ஒருவரிடம், விஜயதுர்க் மற்றவரிடம் என்று கடற்படை இரண்டாய்ப் பிளந்தது. சம்பாஜிக்குப்பின் விஜயதுர்க் துளாஜியின் கைக்கு வந்தது. துளாஜி தீரர், ஆனால் பூனாவில் இருந்த பேஷ்வாவுக்குப் பணியாதவர். அவரை அடக்கப் பேஷ்வா என்ன செய்தார்? இங்கிலீஷ்காரனைக் கூப்பிட்டார். கானோஜி நான்கு முறை விரட்டியடித்த அதே பம்பாய்க் கும்பினியைக் கைகுலுக்கி அழைத்தார். 1755 இல் சுவர்ணதுர்க் விழுந்தது. 1756 பிப்ரவரியில் அட்மிரல் வாட்சன் கடல்வழியாகவும், ராபர்ட் கிளைவ் தரைவழியாகவும் விஜயதுர்க்கைத் தாக்கினார்கள். குண்டு விழுந்த ஒரு கப்பலில் பற்றிய தீ, நெருக்கமாகக் கட்டிக்கிடந்த கப்பல்களுக்கெல்லாம் தாவியது. அறுபதாண்டு உழைப்பு ஒரே நாளில் சாம்பல். கோட்டைக்குள் கிடைத்த ஏறத்தாழ பத்து லட்சம் ரூபாயை வாட்சனும் கிளைவும் தங்கள் ஆட்களுக்குள் பங்கிட்டுக்கொண்டார்கள். கூட வந்த பேஷ்வாவின் படைக்குக் காசு ஒன்றும் கிடைக்கவில்லை. துளாஜி பேஷ்வாவின் சிறைகளிலேயே ஆயுளைக் கழித்தார்.

இப்படி நடந்தது அது முதல் தடவையுமல்ல. 1600 இல் கோழிக்கோட்டு சாமூதிரி தன் கடற்படைத் தளபதியான குஞ்ஞாலி மரைக்காயரை ஒடுக்கப் போர்ச்சுக்கீசியனோடு கூட்டுச் சேர்ந்தார். நான்கு தலைமுறை அந்தக் குடும்பம் சாமூதிரிக்காகக் கடலில் போர் செய்திருந்தது. நான்காம் குஞ்ஞாலியைப் போர்ச்சுக்கீசியர் கோவாவுக்குக் கொண்டுபோய்த் தலையை வெட்டினார்கள். அவரையும் அவர்கள் கடற்கொள்ளையன் என்றுதான் எழுதினார்கள்.

விஜயதுர்க்கை எரித்த கிளைவ் அங்கிருந்து எங்கே போனார் என்று பாருங்கள். கப்பலேறி, தென்முனையைச் சுற்றிக்கொண்டு, 1756 ஜூனில் வந்து இறங்கிய இடம் கடலூர்த் தேவனாம்பட்டினம். செஞ்சியிலிருந்த ஆட்சி 1690 இல் விற்றதே, அந்தக் கோட்டை! அதற்குக் கவர்னராகத்தான் கிளைவ் வந்தார். சில மாதங்களில் அங்கிருந்து சென்னை. சென்னையிலிருந்து வாட்சனின் அதே கப்பற்படையோடு வங்காளம். 1757 இல் பிளாசி. நாடே போயிற்று. செஞ்சிக் கோட்டையை 1750 இல் பிரெஞ்சுக்காரர் பிடித்திருந்தார்கள். 1761 இல் அதையும் கும்பினி எடுத்துக்கொண்டது. மேற்குக் கரையில் எரிந்த குராப்புகளின் புகை அடங்கி ஏறத்தாழ ஐந்தாண்டுதான் ஆயிற்று செஞ்சி மலைமேல் அந்தக் கொடி ஏற.

தேவனாம்பட்டினத்துக் கோட்டையில் இன்று பார்ப்பதற்கு அதிகமாக ஒன்றுமில்லை. 1758 இல் பிரெஞ்சுத் தளபதி லாலி அதை வென்று இடித்தான். செஞ்சி நிற்கிறது. சுவர்ணதுர்க்கும் விஜயதுர்க்கும் கந்தேரியும் நிற்கின்றன. கந்தேரி என்ற பெயரோடு நம் கடற்படையில் ஒரு நீர்மூழ்கிக் கப்பலும் இருக்கிறது. 2019 இல் பணியில் சேர்ந்தது.

பம்பாயில் கும்பினி கட்டிய பழைய கோட்டை ஒன்று உண்டு. பூன் துரையின் காலத்தில் கும்பினி ஆட்சியின் உள்ளிடமாக இருந்தது அதுதான். சுதந்திரத்துக்கு முன்னால் அங்கிருந்த கடற்படை நிலையத்துக்கு டல்ஹவுசி என்று பெயர். 1951 செப்டம்பரில் அந்தப் பெயரை எடுத்துவிட்டு வேறு பெயர் வைத்தார்கள். வாசலில் இப்போது எழுதியிருப்பது ஐ.என்.எஸ். ஆங்கரே.